ஒரு ரூபாய் டயோடு... ஒரு பக்க நன்றி!

பக்கத்துல ஏதாவது ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கிடக்குதா? உங்களோடது, சீனியரோடது, ரூம்மேட்டோடது... எதுவா இருந்தாலும் ஓகே. அதுல 'அக்னாலெட்ஜ்மென்ட்'னு ஒரு பக்கம் இருக்கும். அதை மட்டும் ஒரு தடவை படிச்சுட்டு வாங்க.

கடவுளுக்கு நன்றி. சேர்மனுக்கு நன்றி. பிரின்சிபாலுக்கு நன்றி. ஹெச்.ஓ.டி-க்கு நன்றி. கைடுக்கு நன்றி. கடைசியா டீச்சிங், நான்-டீச்சிங் ஸ்டாஃப் அத்தனை பேருக்கும் மொத்தமா ஒரு கும்பிடு. எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் இதே வரிசை, இதே வார்த்தைகள்! ஏன்னா அந்தப் பக்கத்தை யாரும் எழுதுறதே இல்லை. சீனியரோட ஃபைலை வாங்கி, பேரை மட்டும் மாத்தி, ப்ரின்ட் கொடுத்துடுறோம்.

நானும் அதைத்தான் செஞ்சேன். அவசரத்துல ஒரு பேரை மாத்த மறந்துட்டேன். விளைவு? நாங்க காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே வேலையை விட்டுப் போயிட்ட ஒருத்தருக்கு, அவரோட 'ஓயாத ஊக்கத்துக்கு' எங்க டீம் மனமார்ந்த நன்றி சொல்லியிருந்தது. வைவாவுல யாரும் அதைக் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிச்சிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க.

ஆனா அந்தப் பக்கத்துல வேற ஒரு தப்பு இருந்தது. அது சிரிக்கிற விஷயம் இல்லை.

மூணு ட்ரான்சிஸ்டர் செத்த கதை!

எங்க மினி ப்ராஜெக்ட் ரொம்ப சிம்பிள். மொட்டைமாடி டேங்க்கில் தண்ணி நிறைஞ்சதும் மோட்டார் தானா நிக்கணும். ஒரு சென்ஸார், ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு 12 வோல்ட் ரிலே. யூடியூப்ல பார்த்து ஒரே சாயங்காலத்துல சோல்டரிங் பண்ணி முடிச்சோம். பக்கெட்ல தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணினா, சூப்பர்! 'டிக்'குனு ரிலே ஆஃப் ஆச்சு. கைதட்டல், விசில், செல்ஃபி எல்லாம் முடிஞ்சு ரெண்டாவது தடவை ட்ரை பண்ணினா... ட்ரான்சிஸ்டர் அவுட்.

புதுசு போட்டோம். அதுவும் காலி. மூணாவதும் காலி. கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துட்டார்னு திட்டினோம். யூடியூப்காரரைத் திட்டினோம். சிலபஸைத் திட்டினோம். "நாலு செமஸ்டர் படிச்சு என்ன பிரயோஜனம்? ஒரு ரிலேயை ஓட்டத் தெரியலை. இங்க எவன்டா நமக்கு உருப்படியா சொல்லிக் கொடுத்தான்?" டயலாக் என்னோடதுதான். உங்க க்ளாஸ்லயும் தினமும் ஒருத்தராவது இதைச் சொல்வாங்க, இல்லையா?

லேப்ல அந்தப் பக்கம் மீட்டரைத் துடைச்சுக்கிட்டிருந்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன் காதுல இது விழுந்திருக்கணும். மெதுவா வந்தார். போர்டைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, காயிலுக்குக் குறுக்கால டயோடு போடலையா?"ன்னு கேட்டார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு 4007 டயோடை எடுத்து நீட்டினார். விலை ஒரு ரூபாயோ, ரெண்டு ரூபாயோ. "கோடு போட்ட பக்கம் ப்ளஸ்ஸுக்கு. மாத்திப் போட்டுடாத."

அதுக்கப்புறம் ட்ரான்சிஸ்டர் சாகவே இல்லை.

ஏன்னு கேட்டதுக்கு அவர் சொன்னது இது. "காயில்ல கரன்ட் ஓடுறப்ப அது காந்தமா இருக்கு. நீ பட்டுனு நிறுத்தினா அந்தக் காந்தம் சும்மா போகுமா? போற போக்குல ஒரு உதை விட்டுட்டுப் போகும். உன் ட்ரான்சிஸ்டர் அந்த உதையைத் தாங்காது. டயோடு போட்டா, அந்தக் கரன்ட் காயிலுக்குள்ளேயே சுத்திச் சுத்தி அடங்கிடும்."

விஷயம் அவ்வளவுதான். 12 வோல்ட்ல ஓடுற ரிலே காயில், ஆஃப் ஆகிற நொடியில நூறு வோல்ட்டைத் தாண்டிக்கூட உதைக்கும். நாங்க போட்டிருந்த பி.சி. 547 ட்ரான்சிஸ்டர் தாங்கறது 45 வோல்ட். இதுக்கான விதியை நான் ப்ளஸ் டூவுல ஒரு தடவை, செகண்ட் இயர்ல ஒரு தடவை, ரெண்டு தடவையும் டூ மார்க்குக்காக மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன். ஃபாரடே விதி! பேப்பர்ல எழுதினது கையில சுட்டப்போ, அது இதுதான்னு எனக்குத் தெரியலை. சொல்லிக் கொடுத்தது ஒரு லேப் அண்ணன்.

ரிப்போர்ட் பைண்டிங் ஆகி வந்ததும் அவர்கிட்ட காட்டினேன். முதல் நாலஞ்சு பக்கத்தை மெதுவாப் புரட்டினார். அக்னாலெட்ஜ்மென்ட் பக்கத்துல கொஞ்சம் நின்னார். மூடிக் கொடுத்துட்டு, "நல்லா வந்திருக்கு தம்பி"ன்னார். அப்போ எனக்கு எதுவும் உறைக்கலை. பின்னாடி செமஸ்டருக்காக அந்த டூ மார்க் விதியோட கதையைத் தேடிப் படிச்சப்போதான் உறைச்சது.

பைண்டிங் கடைப் பையன்!

மைக்கேல் ஃபாரடே 1791-ல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரோட பையனாப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைச்சல். 14 வயசுல லண்டன்ல ஒரு புத்தக பைண்டிங் கடையில வேலை கத்துக்கச் சேர்ந்தார். ஏழு வருஷ ஒப்பந்தம். நம்ம காலேஜ் வாசல்ல ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் போடற பையனைக் கற்பனை பண்ணிக்குங்க. ஒரே வித்தியாசம், இந்தப் பையன் பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைக்கறதோட நிறுத்தலை, படிச்சான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துல மின்சாரம் பத்தின கட்டுரை அப்படித்தான் அவர் கண்ணுல பட்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி கெமிஸ்ட்ரியை உரையாடல் மாதிரி எழுதின புத்தகமும் அப்படித்தான் கைக்கு வந்தது. அது 1806-ல் முதலில் வந்தப்போ எழுதினவர் பேரே அட்டையில கிடையாது!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. கடையில படிக்க விட்டவர் முதலாளி ரிபோ. 1810-ல் சயின்ஸ் சொற்பொழிவுகளுக்குப் போக, ஒரு லெக்சருக்கு ஒரு ஷில்லிங் கொடுத்தவர் அண்ணன் ராபர்ட். 1812-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல ஹம்ஃப்ரி டேவியோட லெக்சருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர் கடைக்கு வந்த ஒரு கஸ்டமர். அந்த லெக்சர்களை ஃபாரடே சுமார் 300 பக்கம் நோட்ஸா எழுதி, தானே பைண்டிங் போட்டு டேவிக்கு அனுப்பினார். 1813-ல் டேவியோட லேப்ல அசிஸ்டென்ட் வேலை கிடைச்சது.

ஆமா, அவர் ஆரம்பிச்சதும் லேப் அசிஸ்டென்ட்டாத்தான்!

முதலாளி, அண்ணன், கஸ்டமர், பேர் போடாத ஒரு புத்தகம்... இதுல எது 'காலேஜ்'? எதுவும் இல்லை. ஆனா எல்லாமே க்ளாஸ்ரூம். ஃபாரடே பின்னாளில் உலகப் புகழ் அடைஞ்சப்புறமும், தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஜேன் மார்செட்டுக்கு நன்றிக் காணிக்கையா அனுப்பியிருக்கார்.

பேரை விட்டதும், பேரைச் சொன்னதும்!

அப்போ ஃபாரடே பிறவியிலேயே நன்றி மறக்காத உத்தமர்னு முடிவு பண்ணிடாதீங்க. நம்மை மாதிரி அவரும் சொதப்பியிருக்கார்.

1821-ல் ஒரு கம்பியில கரன்ட் விட்டு, காந்தத்தைச் சுத்தி அதைச் சுழல வெச்சார் ஃபாரடே. இன்னிக்கு நம்ம வீட்டுல ஓடற ஃபேன், மிக்ஸி, கிரைண்டர் மோட்டார் எல்லாத்துக்கும் அதுதான் கொள்ளுத்தாத்தா. சந்தோஷத்துல அவசர அவசரமா கட்டுரை எழுதி வெளியிட்டுட்டார். அதே லேப்ல அதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி வொல்லஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானியும் டேவியும் அதுக்குப் பக்கத்துல வர்ற ஒரு சோதனையை முயற்சி பண்ணித் தோத்திருந்தாங்க. அவங்க பேரைக் கட்டுரையில ஒரு இடத்துலயும் குறிப்பிடலை. அவ்வளவுதான், 'ஐடியாவைத் திருடிட்டான்'னு லண்டன் முழுக்கப் பேச்சு. அனுமதி கேட்கப் போனேன், வொல்லஸ்டன் ஊர்ல இல்லைன்னு பின்னாடி விளக்கம் சொன்னார். வொல்லஸ்டன் பெருந்தன்மையா விட்டுட்டாலும், அந்தக் கறை ஃபாரடேயை ரொம்ப நாள் உறுத்தினது.

1831 ஆகஸ்ட் 29. ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு பக்கமும் காயில் சுத்தி, ஒண்ணுல கரன்ட் விட்டார். இன்னொண்ணுல இருந்த முள் ஓயாம நகர்ந்துக்கிட்டே இருக்கும்னு பலரும் நினைச்சிருப்பாங்க. ஆனா ஸ்விட்ச் போடற நொடியிலயும் எடுக்கிற நொடியிலயும் மட்டும் 'சட்'டுனு ஒரு துடிப்பு. நடுவுல ஒண்ணும் இல்லை. அந்தச் சின்னத் துடிப்பை அலட்சியம் பண்ணாம துரத்தினதுதான் நம்ம டூ மார்க் விதி.

இப்போ வருது க்ளைமாக்ஸ். ஜென்கின்னு ஒருத்தர். விஞ்ஞான வரலாற்றுல பெரிய பேரெல்லாம் கிடையாது. ஒரே ஒரு சின்ன பேட்டரியோட இணைச்ச மின்காந்தத்தோட கம்பி முனைகளைக் கையில பிடிச்சுக்கிட்டு, இணைப்பை எடுத்தா ஷாக் அடிக்குதுன்னு கவனிச்சார். ஓடறப்ப அடிக்கலை, நிறுத்தறப்ப அடிக்குது! இதை ஃபாரடேகிட்ட சொன்னார். 1834-ல் ஃபாரடே அதை ஆராய்ஞ்சு கட்டுரை எழுதினார். ஆரம்பத்திலேயே, இந்த ஆராய்ச்சி ஜென்கின் எனக்குச் சொன்ன ஒரு விஷயத்துல இருந்து கிளம்பினதுன்னு பேரோட எழுதிட்டார். அமெரிக்காவுல ஜோசப் ஹென்றி 1832-லேயே இதே விளைவைக் கண்டு எழுதியிருந்தார். அதனாலதான் இன்னிக்கு இண்டக்டன்ஸை 'ஹென்றி'யில அளக்குறோம்.

ஜென்கினுக்கு அடிச்ச ஷாக் என்ன தெரியுமா? என்னோட மூணு ட்ரான்சிஸ்டரைக் கொன்ன அதே உதை!

அதைப் படிச்சப்போதான் எனக்கு உள்ளுக்குள்ள 'சுருக்'குன்னுச்சு. ஃபாரடேக்கு ஒரு ஜென்கின். எனக்கு ஒரு லேப் அண்ணன். ஃபாரடே முதல் வரிகளிலேயே பேரைச் சொல்லிட்டார். நான், முகமே பார்க்காத ஒருத்தருக்கு நன்றி சொல்லிட்டு, எதிர்ல நின்னு டயோடு நீட்டினவரை 'நான்-டீச்சிங் ஸ்டாஃப்'ங்கற மூட்டையில போட்டுக் கட்டிட்டேன். அவரையா? எனக்கு அந்த வருஷத்தோட மிகச் சிறந்த பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவரையா 'நான்-டீச்சிங்'?

ஜால்ரா வேற, நன்றி வேற!

"அப்போ க்ளாஸ்ல பி.பி.டி-யை அப்படியே வாசிச்சுட்டுப் போறவங்களுக்கும் தேங்க்ஸ் சொல்லணுமா?"ன்னு நீங்க கேட்கறது புரியுது. நியாயமான கேள்வி.

இதுக்கும் ஃபாரடேகிட்ட பதில் இருக்கு. 1813-ல் டேவியோட ஐரோப்பா டூர் போனப்போ, டேவியோட மனைவி ஃபாரடேயை வேலைக்காரனாத்தான் நடத்தினார். நொந்துபோய் நண்பனுக்கு லெட்டர்ல புலம்பியிருக்கார். 1824-ல் ஃபாரடே ராயல் சொஸைட்டிக்குத் தேர்வாகறதை எதிர்த்தவரும் சாட்சாத் டேவியேதான்! ஆனா டேவிகிட்ட கத்துக்கிட்டதை ஃபாரடே ஒருநாளும் மறுக்கலை. கஷ்டம் கஷ்டம்தான். கத்துக்கிட்டது கத்துக்கிட்டதுதான். ரெண்டையும் ஒரே கணக்குல போட்டுக் கழிக்க வேண்டியதில்லை. க்ளாஸ் மோசமா இருந்தா ஃபீட்பேக் ஃபார்ம்ல தைரியமா எழுதுங்க. அது உங்க உரிமை. ஆனா 'இங்க யாரும் எனக்கு எதுவும் சொல்லித் தரலை'ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அது நிஜமான்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

திருக்குறள்ல 11-வது அதிகாரத்தோட பேரைக் கவனிச்சிருக்கீங்களா? 'செய்ந்நன்றி அறிதல்'. சொல்லுதல் இல்லை, அறிதல்! ஸ்கூல்ல அஞ்சு மார்க்குக்கு எழுதினப்போ எனக்கு அது தோணலை. நன்றிங்கறது முதல்ல வாய் விஷயமே இல்லை, கவனம் சம்பந்தப்பட்ட விஷயம். யார்கிட்டேருந்து எதைக் கத்துக்கிட்டோம்னு தெரியறவனுக்கு, கத்துக்கிட்டதும் சேர்ந்து ஞாபகத்துல நிக்கும். ஃபாரடே விதி எனக்கு இனி ஜென்மத்துக்கும் மறக்காது. காரணம் டூ மார்க் இல்லை... அந்த டிராயரும் அந்தக் கையும்தான்.

ட்ரை பண்ணிப் பாருங்க!

2003-ல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற ரெண்டு அமெரிக்க உளவியல் பேராசிரியர்கள் காலேஜ் ஸ்டூடன்ட்ஸை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூணு குரூப். பத்து வாரம். ஒரு குரூப் வாரா வாரம் நன்றியா நினைக்கற விஷயங்களை அஞ்சு வரைக்கும் எழுதணும். இன்னொரு குரூப் எரிச்சல் தந்த விஷயங்களை எழுதணும். மூணாவது குரூப் சும்மா நடந்ததை எழுதணும். நன்றி குரூப்தான் தங்களோட வாழ்க்கையைப் பத்தியும் வரப்போற வாரத்தைப் பத்தியும் மத்தவங்களைவிட நம்பிக்கையா இருந்தாங்க. மார்க் கூடும்னோ அரியர் க்ளியர் ஆகும்னோ அதுல சொல்லலை. நானும் சொல்லலை!

ஆனா நான் அதைக் கொஞ்சம் மாத்தி ஒரு பழக்கமா ஆக்கிக்கிட்டேன்.

* தினமும் ராத்திரி ஒரே ஒரு வரி. 'இன்னிக்கு இதைக் கத்துக்கிட்டேன், இவர்கிட்டேருந்து.' ரஃப் நோட்டோட கடைசிப் பக்கம் போதும். ஃபாரடே தன்னோட லேப் டைரியில வரிசை எண் போட்டு 16,000-க்கும் மேல குறிப்பு எழுதியிருக்கார். நாம ஒண்ணுல ஆரம்பிப்போம்.

* 'இவர்கிட்டேருந்து' பகுதியைக் கண்டிப்பா எழுதணும். டீக்கடை மாஸ்டரா இருக்கலாம். பஸ்ல பக்கத்து சீட்டுப் பாட்டியா இருக்கலாம். எக்ஸாமுக்கு முன்னாடி நாள் பொறுமையா இன்டெக்ரேஷன் சொல்லிக் கொடுத்த தோழியா இருக்கலாம். பேர் தெரியாட்டி அடுத்த நாள் போய்க் கேளுங்க. நான் மூணு வருஷமா வணக்கம் சொல்லிட்டிருந்த வாட்ச்மேனோட பேர் எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது.

* எதுவும் கத்துக்கலைன்னு தோணற நாள்ல, தப்புப் பண்ணினதை எழுதுங்க. செத்த ட்ரான்சிஸ்டரும் வாத்தியார்தான்.

* வாரத்துல ஒருத்தர்கிட்டயாவது நேர்ல சொல்லுங்க. 'தேங்க்ஸ்'னு மொட்டையா இல்லை, எதுக்குன்னு சேர்த்துச் சொல்லுங்க. "அண்ணே, அன்னிக்கு டயோடு சொன்னீங்களே, அதனாலதான் ஓடுச்சு." அவ்வளவு போதும்.

மறுபடியும் லேப்!

இந்தக் கட்டுரை எழுதறதுக்கு முன்னாடி லேப் அண்ணன்கிட்ட போய், "உங்க பேரைப் போட்டு எழுதப்போறேன்"னு சொன்னேன். பதறிட்டார். "புத்தகத்துலயெல்லாம் வேணாம் தம்பி." கொஞ்ச நேரம் மீட்டரைத் துடைச்சார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "அந்த ரிப்போர்ட்டுல இருந்திருந்தா வீட்டுல காட்டியிருப்பேன். எம் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்குது."

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை.

அன்னிக்குச் சாயங்காலமே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் புதுசா எழுதினேன். சீனியர் ஃபைல் இல்லாம, சொந்தமா. அஞ்சே வரி. அதை எழுத ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுல முதல் பேர் அவரோடது. எந்த டயோடு, எந்த நாள், என்ன சொன்னார்னு எல்லாம் எழுதினேன். ஒரு காப்பி தனியா ப்ரின்ட் எடுத்து, பைண்டிங் போட்டு அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நேரா அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார். விரல் வெச்சு வரி வரியாப் படிச்சார். ஒண்ணும் சொல்லலை. கர்சீஃப் எடுத்துக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் மிச்சப் பக்கங்களைப் புரட்டிக்கிட்டே வந்தவர், சர்க்யூட் வரைபடத்துல டக்குனு நின்னார்.

"தம்பி... டயோடைத் தலைகீழா வரைஞ்சிருக்க."

எட்டிப் பார்த்தேன். நிஜம்! போர்டுல சரியாப் போட்டுட்டு, படத்துல மாத்தி வரைஞ்சிருக்கேன். அந்தப் படத்தை நம்பி எவனாவது கனெக்ஷன் கொடுத்தா, ரிலே ஆன் ஆகிற நொடியே ட்ரான்சிஸ்டர் புகைஞ்சிடும். கைடு, இன்டர்னல், எக்ஸ்டர்னல்னு மூணு பேர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். ஒருத்தர் கண்ணுலயும் படலை.

பேனாவை வாங்கி அவரே அழகாத் திருத்திக் கொடுத்தார். டூ மார்க்குக்கு விதி எழுதத் தெரிஞ்ச நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

அன்னிக்கு ராத்திரி என் ரஃப் நோட்டுல எழுதின வரி: 'கோடு போட்ட பக்கம் ப்ளஸ்ஸுக்கு. ரெண்டாவது தடவை, அதே அண்ணன்கிட்டேருந்து.'

சரி ப்ரெண்ட்ஸ், இன்னிக்கு உங்க நோட்டுல யார் பேர்?